கீழே வைக்காத ரிசீவர்

ஆடித் தள்ளுபடி தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை தி.நகர் உஸ்மான் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. அதே மாலையில் அந்தச் சாலையின் ஜவுளிக்கடைகளுக்கு இன்னொரு கூட்டமும் வரும். போலீஸ்காரர் விசில் ஊதி ஒழுங்குபடுத்த முடியாத கூட்டம் அது. நங்கநல்லூரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் போனில் புடவை பார்ப்பவர்கள், ஒரே புடவையை ஆறு தடவை பெரிதாக்கிப் பார்ப்பவர்கள், பணம் கட்டும் கட்டம் வரை வந்து மனம் மாறிப் போகிறவர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு சர்வரில் ஓடிவிடும் கடைக்கு அன்று இருபது வேண்டியிருக்கும். நள்ளிரவு தாண்டினால் மறுபடி இரண்டு போதும். இந்த ஏற்ற இறக்கத்தை யாரோ ஓர் இன்ஜினியர் கண்விழித்துச் சமாளித்த காலம் உண்டு. இன்று பல இடங்களில் அந்த வேலையைப் பார்ப்பது குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருள்.

அந்த மென்பொருளிலும் அதன் சுற்றத்தாரிடமும் அவ்வப்போது வெளிப்பட்ட ஓட்டைகள்தான் இந்த அத்தியாயம். ஓட்டை என்றதும் பூட்டு சரியில்லை, பாஸ்வேர்டு எளிதாக இருந்தது என்று நினைப்போம். நிர்வாக மென்பொருள்களில் கதை பெரும்பாலும் வேறு. பூட்டு நன்றாகவே இருக்கும். சாவிக்கொத்தை வைத்திருப்பவரைப் பேச்சுக் கொடுத்து ஏமாற்றியிருப்பார்கள்.

முதலில் அது செய்யும் வேலை. ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அது கன்டெய்னர். எந்தச் சர்வரில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும். ஒரு சர்வரில் நூறு கன்டெய்னர்கள் ஓடினாலும் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் ஒன்றே. ஒவ்வொரு கன்டெய்னரும் தான் மட்டுமே இருப்பதாக நம்பும்படி கெர்னல் அதற்கு ஒரு தடுப்பு போட்டுக் காட்டுகிறது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கர் என்ற கருவியை வெளியிட்ட பிறகு இது எல்லார் கைக்கும் வந்தது. கூகுள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போர்க் என்ற உள்வீட்டு மென்பொருளால் இப்படித்தான் தன் சர்வர்களை மேய்த்துக்கொண்டிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து ஜோ பீடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி முதலானோர் தொடங்கிய குபெர்னெட்டீஸ் 2014 ஜூனில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. 2015 ஜூலையில் அதன் 1.0 பதிப்பு வந்தது.

அதனிடம் "இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று யாரும் சொல்வதில்லை. "பில் போடும் நிரல் எப்போதும் பத்துப் பிரதி ஓட வேண்டும்" என்று ஒரு யாமல் கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். பத்தில் ஒன்று செத்தால் அதுவே இன்னொன்றைக் கிளப்பும். ஒரு சர்வரே படுத்துவிட்டால் அதில் ஓடியவற்றை வேறு சர்வர்களில் ஏற்றும். யார் யாருக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல் முழுவதும் எட்சிடி என்ற தரவுத்தளத்தில் இருக்கும். அதைப் படிக்கவும் மாற்றவும் ஒரே வாசல் ஏபிஐ சர்வர். ஒவ்வொரு சர்வரிலும் கியூப்லெட் என்ற சிறு நிரல் காத்திருக்கும். ஏபிஐ சர்வரின் சான்றிதழோடு ஒரு கட்டளை வந்தால் அது மறுகேள்வி கேட்காது.

கடைசியில் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. மீண்டும் உஸ்மான் சாலைக் கடைக்கே போவோம். தரைத்தளத்தில் சூப்பர்வைசர் மேசையில் ஓர் இன்டர்காம். அதிலிருந்து மட்டும்தான் நான்காவது மாடி குடோனுக்குப் பேச முடியும். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "இந்த பார்டர்ல மயில்கழுத்துப் பச்சை இருக்கா, கேட்டுச் சொல்லுங்க" என்கிறார். சூப்பர்வைசர் அழைக்கிறார். குடோன்காரர், "அப்படி ஒண்ணு இல்ல சார்" என்கிறார். அதோடு ரிசீவரைக் கீழே வைக்க வேண்டும். சூப்பர்வைசரோ அதை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிடுகிறார். லைன் துண்டிக்கவில்லை. வாடிக்கையாளர் ரிசீவரை எடுத்து, "பட்டுக் கட்டு பத்தும் பின்வாசலுக்கு அனுப்பு" என்கிறார். குடோன்காரருக்குக் குரல் அடையாளமெல்லாம் தெரியாது. சூப்பர்வைசர் லைனிலிருந்து வரும் உத்தரவு. அனுப்பிவிடுகிறார்.

2018 டிசம்பர் 3 அன்று குபெர்னெட்டீஸ் குழு வெளியிட்ட எச்சரிக்கை கிட்டத்தட்ட இதுதான். ஓட்டைகளுக்குப் பொதுவாக இடும் எண்வரிசையில் அது சிவிஇ-2018-1002105. கண்டுபிடித்தவர் ரேஞ்சர் லேப்ஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டேரன் ஷெப்பர்ட். பத்துக்கு 9.8 என்று அபாய மதிப்பெண் போட்டார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் புகுந்து ஒரு கட்டளையை இயக்கிப் பார்ப்பது இன்ஜினியர்களின் அன்றாட வேலை. அதற்குச் சாதாரணக் கேள்வி-பதில் தொடர்பு போதாது, இரண்டு பக்கமும் தொடர்ந்து பேசும் குழாய் வேண்டும். ஆகவே பயனாளர் ஏபிஐ சர்வரிடம், "இந்தத் தொடர்பை இருவழித் தொடர்பாக மாற்றிக்கொடு" என்று கேட்கிறார். ஏபிஐ சர்வர் அவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. இருந்தால், தன் சொந்தச் சான்றிதழைக் காட்டி கியூப்லெட்டோடு ஒரு தொடர்பைத் திறந்து, இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. எல்லாம் முறைப்படிதான். கேள்வியை வேண்டுமென்றே தப்பாகக் கேட்டால் என்ன ஆகும்? கியூப்லெட், "முடியாது, கேள்வி சரியில்லை" என்று பிழைக் குறியீட்டை அனுப்பும். ஏபிஐ சர்வர் அந்தக் குறியீட்டைப் பார்க்கவே இல்லை. மாற்றம் நடந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு குழாயைத் திறந்தே வைத்திருந்தது. அந்தக் குழாயின் ஒரு முனையில் பயனாளர், மறு முனையில் கியூப்லெட், நடுவில் ஏபிஐ சர்வரின் சான்றிதழ். அதற்குப் பிறகு அந்த வழியே போகும் எந்தக் கட்டளையும் ஏபிஐ சர்வரே சொன்னதாகத்தான் கணக்கு.

ஒரு கன்டெய்னரில் மட்டும் கட்டளை இயக்க அனுமதி பெற்ற சின்ன ஊழியர், அந்தச் சர்வரில் ஓடும் எல்லாக் கன்டெய்னருக்குள்ளும் நுழையலாம். இன்னொரு வழியும் இருந்தது. ஏபிஐ சர்வரோடு ஒட்டுச் சேர்க்கும் துணைச் சேவைகள் சில உண்டு. அவை நிறுவப்பட்ட கிளஸ்டர்களில் (குபெர்னெட்டீஸ் ஆளும் சர்வர் கூட்டங்களில்), எந்தக் கணக்கும் இல்லாத வெளியாளே இந்த வித்தையைச் செய்ய முடிந்தது. 1.0 முதல் எல்லாப் பதிப்புகளிலும் இந்தக் குறை இருந்திருக்கிறது. மூன்றரை ஆண்டு காலம் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான இன்ஜினியர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த திறந்த மூல நிரல் அது. திறந்திருப்பதால் யாராவது படித்திருப்பார்கள் என்று எல்லாரும் நம்புவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. திருத்தம் 1.10.11, 1.11.5, 1.12.3 பதிப்புகளில் வந்தது. பதில் குறியீட்டைப் பார், சரியில்லை என்றால் லைனைத் துண்டி. சாரம் அவ்வளவுதான்.

தடயத்தின் கதை இன்னும் சங்கடமானது. திறந்த குழாய் வழியே போன கட்டளைகள் ஏபிஐ சர்வரின் பதிவேட்டில் ஏறவில்லை. கியூப்லெட்டின் பதிவில் இருக்கும், ஆனால் நியாயமாக வந்த கட்டளைக்கும் திருட்டுக் கட்டளைக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல உத்தரவுதான். இந்த வகை ஓட்டையில் 180 நாள் பதிவையும் வரிவரியாகப் படித்தாலும் சூப்பர்வைசர் பேசினாரா வாடிக்கையாளர் பேசினாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்த நோய் குபெர்னெட்டீஸோடு பிறந்ததல்ல. 1988 இல் நார்ம் ஹார்டி என்பவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். டைம்ஷேர் என்ற நிறுவனத்தின் கணினியில் ஒரு கம்பைலர் இருந்தது. புள்ளிவிவரம் எழுதுவதற்காக அமைப்பின் பொதுக் கோப்பகத்தில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். பிழை விவரங்களை எந்தக் கோப்பில் எழுதட்டும் என்று அது பயனாளரைக் கேட்கும். ஒருவர் கட்டணக் கணக்கு இருக்கும் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அது அதே கோப்பகத்தில்தான் இருந்தது. கம்பைலர் தன் உரிமையைக் காட்டி அதன்மேல் எழுதித் தள்ளியது. கட்டணக் கணக்கு போயிற்று. கம்பைலர் யாரையும் மீறவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதையும் யாருடைய அதிகாரத்தில் செய்கிறோம் என்பதையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. குழம்பிய பிரதிநிதி என்று ஹார்டி அதற்குப் பெயர் வைத்தார். நிர்வாக மென்பொருள் என்பதே இப்படிப்பட்ட பிரதிநிதி. பிறருக்காக, தன் அதிகாரத்தில் வேலை செய்வதுதான் அதன் பிழைப்பு.

சென்னைக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தி அல்ல. காலையில் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கி டைடல் பார்க் பக்கம் போகிற கூட்டத்தில் பாதிப் பேராவது ஏதோ ஒரு நிர்வாக மென்பொருளை ஓட்டுகிறவர்களாகவோ எழுதுகிறவர்களாகவோ இருப்பார்கள் என்று தோன்றும். இந்த ஊரிலிருந்து உலகத்துக்குப் போன நிர்வாக மென்பொருள்களில் பெரிய பெயர் ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின். 1996 இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009 இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், இன்று ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கிறது. மேனேஜ்எஞ்சின் கன்டெய்னர்களை மட்டும் மேய்க்கும் கருவி அல்ல. ஒரு நிறுவனத்தின் கணினிகள், கணக்குகள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து ஆளுவதற்கான கருவிகளின் தொகுப்பு. வேலையின் இயல்பு ஒன்றே. அதனால் 2021 இல் அதற்கு நேர்ந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அந்தத் தொகுப்பில் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்று ஒன்று. திங்கட்கிழமை காலையில் பாஸ்வேர்டு மறந்துபோன ஊழியர், உதவி மேசையைத் தொந்தரவு செய்யாமல் தானே மாற்றிக்கொள்ள வழி செய்வது. ரொம்ப உபயோகமானது. எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றும் அதிகாரம் அதனிடம் இருந்தாக வேண்டும் என்பதுதான் இதன் மறுபக்கம்.

அதன் ஒரு பகுதி வேறு நிரல்கள் பேசுவதற்கானது. அந்த முகவரிக்கு வரும் கோரிக்கைகளை வாசலில் ஒரு வடிகட்டி நிறுத்தி, அடையாளம் கேட்கும். முகவரி இன்ன சொல்லில் தொடங்குகிறதா என்று பார்த்துத்தான் அது நிறுத்தும். யாரோ அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து அனுப்பினார்கள். கணினி மொழியில் அதற்கு "இதே இடம்" என்றுதான் பொருள். முகவரி மாறவில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட வடிகட்டிக்கு அது வேறு முகவரியாகத் தெரிந்தது, வழிவிட்டது. உள்ளே இருந்த சர்வரோ புள்ளியைச் சுருக்கிப் படித்துச் சரியான இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. வாசலில் இருப்பவரும் உள்ளே இருப்பவரும் ஒரே முகவரியை இரண்டு விதமாக வாசித்தார்கள். அந்த இடைவெளியில் உள்ளே போனவர்கள், தங்கள் நிரலை சர்வரில் ஏற்றினார்கள். சிவிஇ-2021-40539. இதற்கும் 9.8.

ஜோஹோ 2021 செப்டம்பர் 6 அன்று 6114 என்ற திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அதற்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் துறைமுகத்தின் ஒரு சர்வருக்குள் இதே வழியில் நுழைந்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் பாஸ்வேர்டு விவரங்களைக் களவாடினார்கள். துறைமுகத்தின் ஆட்கள் கவனித்து அந்த சர்வரைத் தனிமைப்படுத்திவிட்டதால் நிஜக் கன்டெய்னர்கள், கப்பலில் வருகிற இரும்புப் பெட்டிகள், தடையில்லாமல் ஏறி இறங்கின. செப்டம்பர் 16 அன்று எஃப்பிஐயும் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் சேர்ந்து விட்ட எச்சரிக்கையில் மூன்றாவது கையெழுத்து அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சைபர் பிரிவினுடையது. பாஸ்வேர்டு மாற்றும் மென்பொருளுக்குக் கடலோரக் காவல்படை எச்சரிக்கை விடுவானேன் என்று அன்று புருவம் உயர்த்தியவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து செனட் விசாரணையில் சிசா தலைவர் ஜென் ஈஸ்டர்லி பேசியபோது விடை கிடைத்தது.

ஹூஸ்டனை விட எனக்கு அதிகம் உறுத்துவது அடுத்த சம்பவம். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைக்கும் ஒரு பணியை நடத்துகிறது. காணாமல்போனவர்களைத் தேடி அலைந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பணி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. அதன் சர்வர்களுக்குள் 2021 நவம்பர் 9 அன்று இதே ஓட்டை வழியாக நுழைந்தார்கள். அதாவது திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் கழித்து. கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18 அன்று. உள்ளே இருந்தது 70 நாட்கள். 5,15,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. ஆண்டுக்குப் பல்லாயிரம் பேட்ச்களைப் போடுகிறோம், இந்த ஒன்றை உரிய நேரத்தில் போடவில்லை என்று சங்கமே வெளிப்படையாகச் சொன்னது. பலர் மழுப்பியிருப்பார்கள்.

பேட்ச் வெளியாவதும் அது சர்வரில் ஏறுவதும் ஒன்றல்ல. வாடிக்கையாளர் தன் சொந்த சர்வரில் நிறுவி ஓட்டும் மென்பொருளில், எழுதியவரின் கை வாசலோடு நின்றுவிடுகிறது. சரி, மேகக்கணியில் ஓட்டினால் பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று சமாதானம் சொல்லலாம். மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் சேவையில், வாடிக்கையாளர் தன் கன்டெய்னரை மட்டும் கொடுத்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு பிரிவு உண்டு. 2021 செப்டம்பரில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆய்வாளர் யுவல் அவ்ரஹாமி அதைப் பிரித்துப் பார்த்ததை வெளியிட்டார். கன்டெய்னர்களைக் கிளப்பும் ரன்சி என்ற அடிப்படை நிரல் அங்கே 2016 அக்டோபர் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கன்டெய்னருக்குள்ளிருந்தே அந்த ரன்சி கோப்பைத் திருத்தி எழுதித் தப்பித்து வெளியேறும் வழி 2019 பிப்ரவரியிலேயே உலகத்துக்குத் தெரிந்த ஒன்று. அந்த வழியில் வெளியே வந்தவர் கண்டது இன்னும் மோசம். நிர்வாகப் பகுதியிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் கட்டளை அனுப்பிய இடைத்தரகர் நிரல், ஒவ்வொரு தடவையும் தன் அடையாள டோக்கனையும் கூடவே அனுப்பிக்கொண்டிருந்தது. கிளஸ்டர் முழுவதிலும் எந்தக் கன்டெய்னருக்குள்ளும் போய்க் கட்டளை இயக்கும் உரிமை அந்த டோக்கனுக்கு இருந்தது. பிற வாடிக்கையாளர்களின் கன்டெய்னர்களும் அதில் அடக்கம். திருத்திவிட்டோம், யாரும் தவறாகப் பயன்படுத்தியதற்கான அறிகுறி இல்லை என்றது மைக்ரோசாஃப்ட்.

டோக்கன் என்றதும் ஏதோ பெரிய ரகசியம் என்று நினைக்க வேண்டாம். குபெர்னெட்டீஸ் கன்டெய்னர் ஒன்றுக்குள் போய், ரன் என்ற கோப்பகத்தின் அடியில் சீக்ரெட்ஸ் என்ற இடத்தைத் திறந்து பார்த்தால் அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். தடுக்காவிட்டால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒன்று தானாகவே வந்துவிடும். சிறிய இ, சிறிய ஒய், பெரிய ஜே என்று தொடங்கி, நடுவில் இரண்டு புள்ளிகளோடு திரையில் பல வரிக்கு ஓடும். அதை அப்படியே நகலெடுத்து ஏபிஐ சர்வரிடம் நீட்டினால், நீட்டியவர் அந்தக் கன்டெய்னர். அதற்கு என்ன உரிமையோ அது நீட்டியவருக்கும். உரிமை குறைவாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை.

குறைவாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். அடையாறு எல்.பி. சாலையில், கீழே பேக்கரி, மேலே அலுவலகம் என்றிருக்கும் ஓர் இடத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் திரையைப் பார்த்து, "அண்ணா, டாஷ்போர்டு வருது, ஆனா உள்ள ஒண்ணுமே காட்டல. ஃபார்பிடன்னு சொல்லுது" என்றார். அண்ணா தன் வேலையிலிருந்து தலை நிமிராமல், "கிளஸ்டர்-அட்மின் குடுத்துரு. அப்புறம் குறைச்சுக்கலாம்" என்றார். குபெர்னெட்டீஸில் கிளஸ்டர்-அட்மின் என்பதற்கு மேல் உரிமை கிடையாது. ஒரு வரி அடித்தார், டாஷ்போர்டு நிரம்பியது, இருவருக்கும் நிம்மதி. அந்த "அப்புறம்" எந்த அலுவலகத்திலும் வந்து நான் பார்த்ததில்லை.

2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் டெஸ்லாவின் குபெர்னெட்டீஸ் டாஷ்போர்டைப் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் கண்டது. அங்கே ஓட்டையே தேவைப்படவில்லை. உள்ளே நுழைந்தவர்கள் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் சிபியு அதிகம் எகிறாமல் பார்த்துக்கொண்டு. ஒரு பாடில் (கன்டெய்னர்களை ஓட்டும் அலகில்) அமேசான் மேகக்கணிக்கான சாவிகளும் இருந்தன. டெஸ்லாவுக்கே இப்படி என்றால் பேக்கரிக்கு மேலே இருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காவல் போடப் போய் அந்தக் காவலே வழிவிட்ட கதை 2025 மார்ச் 24 அன்று வெளியானது. வெளியிலிருந்து வரும் பார்வையாளரை, "புடவைப் பக்கமா? அந்தச் சேவைக்குப் போ. பணம் கட்டவா? இந்தச் சேவைக்குப் போ" என்று பிரித்து அனுப்புவது இன்கிரஸ். அந்த வேலைக்கு மிகப் பரவலாக இருந்த நிரல் இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ். நாம் எழுதும் இன்கிரஸ் விதிகளை, என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வருக்குப் புரியும் கட்டமைப்புக் கோப்பாக அது மாற்றிக் கொடுக்கும். யாராவது தப்பான விதி ஒன்றை எழுதினால் வாசலே சாத்திக்கொள்ளும் அபாயம் உண்டு. எனவே விதியை ஏற்கும் முன் ஒரு சோதனை வைத்தார்கள். விதியிலிருந்து கட்டமைப்புக் கோப்பைத் தயாரித்து, என்ஜின்எக்ஸிடமே கொடுத்து, "இது சரியாக இருக்கிறதா, ஓட்டாமல் படித்துமட்டும் சொல்" என்று கேட்பது.

விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றினார்கள். சோதனை செய்யும் அந்தச் சேவை, கேட்பது ஏபிஐ சர்வர்தானா என்று பார்க்கவில்லை. கிளஸ்டரின் உள்வலையில் இருக்கும் எந்தக் கன்டெய்னரும் நேரடியாக ஒரு விதியை அனுப்பலாம். விதியின் சில புலங்களில் சாமர்த்தியமாக எழுதினால், தயாராகும் கோப்பில் தாக்குபவரின் சொந்த வரிகளும் போய் உட்காரும். போகட்டும், படிக்கத்தானே போகிறது, ஓட்டப் போவதில்லையே? என்ஜின்எக்ஸின் கட்டளைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஒன்று மட்டும், குறியாக்க வன்பொருளுக்கான நூலகத்தை ஏற்றும் கட்டளை, படிக்கும்போதே நூலகத்தை நினைவகத்தில் ஏற்றி இயக்கிவிடுகிறது. சரி, தாக்குபவரின் நூலகக் கோப்பு அந்த சர்வருக்குள் எப்படி வரும்? அதற்கும் என்ஜின்எக்ஸே உதவியது. பெரிய கோரிக்கை ஒன்று வந்தால் அதன் உடலை அது தற்காலிகக் கோப்பாக எழுதிவைக்கும். எழுதியதும் பெயரை அழித்துவிடும், ஆனால் கைப்பிடியை விடாது. கோரிக்கையின் நீளத்தை உண்மையைவிட அதிகமாகச் சொல்லிவிட்டால், மிச்சம் வரும் வரும் என்று என்ஜின்எக்ஸ் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருக்கும். அந்தக் கைப்பிடியின் எண்ணை ஊகித்துக் கட்டளையில் கொடுத்தால் நூலகம் ஏறிவிடும். இத்தனை சிறிய, தனித்தனியாகப் பார்த்தால் குற்றமற்ற பழக்கங்களைக் கோத்த மூளையை நினைத்தால் கோபத்துக்கு முன்னால் வியப்புத்தான் வருகிறது.

சிவிஇ-2025-1974. மறுபடியும் 9.8. மதிப்பெண் அவ்வளவு உயர்ந்ததற்குக் காரணம் சாவிக்கொத்து. இன்கிரஸ் என்பது வாசல் என்பதால் அதற்கு டிஎல்எஸ் சான்றிதழ்கள் தேவை. சான்றிதழ்கள் குபெர்னெட்டீஸில் சீக்ரெட் என்ற பொருளாக இருக்கும். ஆகவே இயல்பாக நிறுவினால், கிளஸ்டர் முழுவதிலும் உள்ள எல்லா சீக்ரெட்களையும் படிக்கும் உரிமை அதற்குக் கிடைத்துவிடும். சான்றிதழ் மட்டுமில்லை, தரவுத்தளப் பாஸ்வேர்டு, பணப்பரிமாற்றச் சாவி, எல்லாமும். விஸ் கணக்கில் மேகக்கணிச் சூழல்களில் சுமார் 43 விழுக்காடு பாதிக்கப்படும் நிலையில் இருந்தன. 6,500க்கும் மேற்பட்ட கிளஸ்டர்களில் அந்தச் சோதனைச் சேவை நேரடியாகப் பொது இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. 1.12.1, 1.11.5 பதிப்புகளில் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தில், விதியை ஏற்கும் முன் என்ஜின்எக்ஸிடம் காட்டிக் கேட்கும் சோதனையையே எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு பேருடைய வாசலில் நின்ற நிரலைப் பராமரித்தவர்கள் எத்தனை பேர்? பல ஆண்டுகளாக ஒருவர் அல்லது இருவர், அதுவும் மாலையிலும் வார இறுதியிலும், சொந்த நேரத்தில். குபெர்னெட்டீஸ் குழுவே 2025 நவம்பரில் இதை எழுதி, இந்த நிரலுக்கு ஓய்வு கொடுப்பதாக அறிவித்தது. 2026 மார்ச் வரை முடிந்த அளவு பராமரிப்பு, அதற்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்தம் இல்லை. ஒரு காலத்தில் எல்லாரும் விரும்பிய அதன் வசதிகள், குறிப்பாக என்ஜின்எக்ஸ் வரிகளை விதிக்குள்ளேயே எழுதிச் செருகும் வசதி, இன்று பாதுகாப்புக் குறைகளாகத் தெரிகின்றன என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

ஏற்கெனவே நிறுவியவை அதற்காக நின்றுவிடாது. வழக்கம்போல் ஓடும், அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது. தன் கிளஸ்டரில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரிக் கட்டளை போதும் என்று அறிவிப்பிலேயே கொடுத்திருக்கிறார்கள். மாற்றாகச் சொல்லப்படும் கேட்வே ஏபிஐக்குப் போவதென்றால் ஒவ்வொரு விதியையும் எடுத்துத் திருப்பி எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், வாடிக்கையாளர் தூங்கும் நேரமாகப் பார்த்து மாற்ற வேண்டும். தி.நகர் கடைக்காரரைக் கேட்டால் ஆடி முடியட்டும் என்பார். ஆடி முடிந்தால் தீபாவளி வந்துவிடும்.